குடும்பக் கணக்கில் காணாமல் போகும் பெண்கள்: வறுமையைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஜூலை வரை மலேசியாவில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு என்றே அரசாங்கக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் இருந்தால்தான் ஏழைக் குடும்பம். 2019 ஆகஸ்ட்டில் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மறு ஆண்டு வறுமைக் கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. அதே 2019-ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடாக மாறி, 4 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் பட்டியலுக்குள் வந்தன. அன்று யாரும் புதிதாக ஏழையாகிவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள், அவ்வளவுதான்.

பெண்களின் வறுமை விஷயத்தில் அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை. கோடு உயர்ந்தாலும் அது அளப்பது குடும்பத்தைத்தான். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை அது தனியாகப் பார்ப்பதில்லை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கணக்கெடுப்பு நடத்தி மனு எழுதும் நம் சங்கத்தார், கோயில் நிர்வாகத்தார், மகளிர் குழுவினர் பலரும் அதே அளவுகோலைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது.

பினாங்கின் பிறை நகரில் லாரி ஓட்டும் ஒருவர் மாதம் 3,500 ரிங்கிட் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் கோடு 2,589 ரிங்கிட். ஆகவே அந்த வீடு ஏழை வீடு இல்லை. வாகனக் கடன், தம்பிக்கு வாங்கிக்கொடுத்த கடன், அவருடைய கைச்செலவு, குடி எல்லாம் போக மனைவி கைக்கு 500 ரிங்கிட் வருகிறது. அதில்தான் அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மாமியாரின் மருந்து. பற்றாக்குறைக்குத் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிட்டு, ஊருக்குத் தெரியாமல் கவரிங் போட்டுக்கொள்கிறார். கணக்கெடுப்புப் பாரத்தில் (படிவத்தில்) அந்தக் கவரிங்குக்குக் கட்டம் கிடையாது. பி40 கணக்கு (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பங்கள்), ஈகாசி எனும் அரசாங்க ஏழைகள் பட்டியலில் பதிவு, சமூக நல இலாகா விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் குடும்ப வருமானம்தான் முதல் கேள்வி. வருமானம் வீட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுகிறது என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. அது எத்தனை வீடுகளில் உண்மை என்று நம் அம்மாக்களைக் கேட்டாலே தெரியும்.

ஆகவே "வீட்டு வருமானம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது, யாரையும் கேட்காமல் எவ்வளவு செலவு செய்ய முடியும், ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது, கடைசியாக எதை அடகு வைத்தீர்கள், அதை மீட்டீர்களா என்றும் கேளுங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். அதே தாமானை (குடியிருப்பை) சேர்ந்தவராக மட்டும் வேண்டாம், மறுநாள் கதை ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஏழைப் பெண் என்றால் தனித்து வாழும் தாய் என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. அவர்களின் துயரம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் அடங்காதவர்கள் ஏராளம். கணவர் வீட்டை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகியும் மணவிலக்கு வாங்காதவர் காகிதத்தில் மணமானவர். உதவிக்கு விண்ணப்பித்தால் கணவரின் விவரம் கேட்பார்கள். அவர் எங்கே என்றே இவருக்குத் தெரியாது. வழக்குப் போடக் காசில்லை. வேறு சிலருக்குத் திருமணப் பதிவே இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1982 மார்ச் 1 முதல் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டியதே போதும் என்று இருந்துவிட்டவர்கள் கணவர் இறந்த பிறகுதான் திண்டாடுகிறார்கள். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பென்ஷனுக்கோ, இபிஎப் எனும் சேமநிதிப் பணத்துக்கோ போனால் மனைவி என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். உங்கள் பாரத்தில் "திருமணமானவர், ஆகாதவர், விதவை, விவாகரத்து" என்று நாலு கட்டம் மட்டும் இருந்தால் இவர்கள் எங்கும் விழமாட்டார்கள்.

வேலை பற்றிய கேள்வியிலும் இதே கதைதான். பட்டர்வொர்த் பக்கம் ஓர் அடுக்குமாடியில் பாரம் நிரப்பப் போயிருந்தோம். "வேலைக்குப் போறீங்களாக்கா?" என்று உடன் வந்த தங்கை கேட்டாள். "இல்லம்மா, வீட்ல சும்மாதான் இருக்கேன்." உடனே 'சூரி ரூமா' (இல்லத்தரசி) என்று எழுதியாகிவிட்டது. அந்த அக்காவின் காலடியில் ஒரு பெரிய பேசின் நிறைய உரித்த பூண்டு, பக்கத்தில் உரிக்காத மூட்டை. சாப்பாட்டுக் கடைக்குக் கிலோ கணக்கில் உரித்துக் கொடுக்கிறாராம். நகக்கண் வெடித்துச் சிவந்திருந்தது. தொட்டிலில் தூங்கிய பிள்ளை மேல்மாடிக்காரருடையது; ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து தாய் வரும்வரை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். "இதுவும் வேலைதானேக்கா?" என்றதற்கு, "அட, இது கைச்செலவுக்கு" என்றார். இப்படிப்பட்டவருக்கு இபிஎப் இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை, கூலியை நிர்ணயிப்பதும் கடைக்காரரே. "வேலை உண்டா?" என்று கேட்பதை விட, நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கசானா ஆய்வுக் கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூரில் இப்படி நேரத்தைக் கணக்கெடுத்தது. ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 3.6 மணி நேரமும் ஆண்கள் 2.2 மணி நேரமும் செலவிட்டார்கள்.

மலேசிய இந்தியர்களான நம் சமூகத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய பெண்ணுக்குச் சம்பளம் அவள் பெயரில் வந்தது, இபிஎப் அவள் பெயரில் இருந்தது, பிள்ளையை விட ஆயாக்கொட்டகை இருந்தது. கூலி குறைவுதான், உழைப்புக் கடுமைதான். இருந்தாலும் கணக்கில் அவள் ஒரு தொழிலாளி. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது கொட்டகையும் போனது, பெயரும் போனது. இந்திய சமூகத்தின் வறுமை பற்றிய பேச்சில் இளைஞர், குண்டர் கும்பல், குடி எல்லாம் வருகின்றன. தாய் பெயரில் இருந்த சம்பளம் மறைந்ததைப் பற்றி யாரும் பேசக் காணோம். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டுத் தையல் வகுப்பு, கேக் வகுப்பு கேட்டு மனு கொடுப்பதும் தவறுதான். பிள்ளையை விட இடமில்லாதவருக்கு இன்னொரு வகுப்பு இன்னொரு சுமை. வேண்டியது நடக்கும் தூரத்தில் கட்டுப்படியாகும் பராமரிப்பு மையம். அதுபோல, 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது என்று மகிழ்கிறோம். அடுத்தவர் வீட்டில் பெருக்கித் துடைக்கும் பெண்களுக்கு அந்த ஆணை பொருந்தாது. மனுவில் எழுத வேண்டியவை இவை.

பெண்ணைத் தனி ஆளாகப் பார்க்கும் திட்டங்கள் அறவே இல்லை என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த சொக்சோவின் இல்லத்தரசிகள் திட்டத்தில் 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டிச் சேரலாம். வீட்டு வேலையில் விபத்து நேர்ந்தாலும் பாதுகாப்பு உண்டு. 2025-இல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் மைகார்டு எனும் அடையாள அட்டை வழியாக வந்த 100 ரிங்கிட் சாரா உதவியில் (அத்தியாவசியப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் தொகை) கணவரின் கணக்கு குறுக்கே வரவில்லை. தொகை சிறியது, வழி சரியானது. ஆனால் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நம் பாட்டிமாருக்கு அதுவும் கிடைக்கவில்லை; குடும்ப வருமான ஆய்வும் குடிமக்களைத்தான் கணக்கெடுக்கிறது. அவர்களை உங்கள் பட்டியலில் தனியாக எழுதுங்கள்.

கடைசியாக, பட்ஜெட். மகளிர் அமைச்சுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது; பஸ், தெருவிளக்கு, லிஃப்ட், கிளினிக் நேரம் எல்லாம் பெண்ணின் பணத்தையும் நேரத்தையும் தொடுபவை. பினாங்கு இதில் முன்னோடி. மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-இல் தீவிலும் செபராங் பிறையிலும் அப்போது இருந்த இரண்டு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து பாலினப் பார்வையுடன் பட்ஜெட் போடும் முயற்சியைத் தொடங்கியது. ஜாலான் சுங்கை பிபிஆர் (அரசாங்க மலிவு வீட்டுத் திட்ட) அடுக்குமாடியில் ஆண், பெண், முதியோர், இளையோர் எனத் தனித்தனியாகத் தேவைகளைக் கேட்டு, பிறகு வாக்கெடுப்பு வைத்தார்கள். உங்கள் குடியிருப்பிலும் இதையே கேளுங்கள். தரவு கேட்கும்போது இனவாரியாக ஒன்று, பாலினவாரியாக ஒன்று என்று தனித்தனியாக வாங்காமல், இரண்டையும் சேர்த்து, உதவித் தொகை யார் பெயரிலுள்ள கணக்குக்குப் போகிறது என்பதோடு கேளுங்கள். கூட்டத்தை ஞாயிறு காலை சமையல் நேரத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் வந்து பேசப்போவது பொறுப்பாளர்களின் மனைவிமார் மட்டும்தான்.