கோழியும் காய்கறியும் பொதிந்த என்ச்சிலாடா: மிளகாயிலிருந்து தொடங்குங்கள்

என்ச்சிலாடா என்பது மக்காச்சோள ரொட்டியை மிளகாய் சாஸில் தோய்த்து, உள்ளே கறியோ காயோ வைத்துச் சுருட்டும் மெக்சிகோ உணவு. அது ருசிப்பதும் சப்பென்று போவதும் சாஸைப் பொறுத்தது. வற்றல் மிளகாயை வறுத்து, ஊறவைத்து, அரைத்து, எண்ணெயில் சுண்டவிட்ட சாஸ் கையில் இருந்தால் உள்ளே எதை வைத்துச் சுருட்டினாலும் தட்டு காலியாகும். டப்பாவில் வரும் சாஸை ஊற்றிவிட்டு மேலே எவ்வளவு சீஸ் தூவினாலும் அந்தக் குறை தீராது. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் மிளகாயைப் பற்றியும் சோள ரொட்டியைப் பற்றியுமே எழுதப்போகிறேன். ஓவன் வேலை கடைசியில் கால் மணி நேரம்தான்.

நான் விருதுநகரில் வற்றல் மண்டிகளின் நெடியோடு வளர்ந்தவள். இப்போது டெக்சாஸில், சான் அந்தோனியோவில் இருக்கிறேன். எதிர்வீட்டில் மெக்சிகோவின் மொரேலியா நகரைச் சேர்ந்த அம்மா ஒருவர் இருக்கிறார். இந்தச் சமையலை அவர் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டேன். மொரேலியாவில் மாலையானால் சதுக்கங்களில் விற்கும் என்ச்சிலாடாவுடன் கோழித் துண்டும், வதக்கிய உருளைக்கிழங்கும் காரட்டும் சேர்ந்தே தட்டில் வரும். குவானஹுவாத்தோ நகரத்தின் சுரங்கத் தொழிலாளர் பெயரில் வழங்கும் என்ச்சிலாடாவிலும் உருளைக்கிழங்கும் காரட்டும் உண்டு. ஆகவே காய்கறி சேர்ப்பதை யாரும் நேற்று கண்டுபிடித்த உடல்நல உத்தியாக நினைக்க வேண்டாம். அது அந்த ஊர்களின் பழக்கம்.

ஆனால் அங்கே ஓவனுக்கு வேலை கிடையாது. ரொட்டியை சாஸில் தோய்த்து, கல்லில் புரட்டி, அப்படியே தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். சீஸை மேலே உருக்கிப் பரிமாறும் வகையும் மெக்சிகோவில் இருக்கிறது. பச்சை சாஸும் கிரீமும் சேர்த்த அந்த வகை, மெக்சிகோ நகரின் சான்போர்ன்ஸ் உணவகத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். வீட்டில் 6 பேருக்கு ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாற ஓவன் நல்ல வழி. இங்கே தருவது மொரேலியாவின் சிவப்பு சாஸ், ஓவனில் வைக்கும் முறையில். 12 உருளைகள் வரும்.

முதலில் கோழியை அடுப்பில் ஏற்றிவிடுங்கள். எலும்போடு கூடிய தொடைக்கறி 750 கிராம், அரை வெங்காயம், 4 பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி உப்பு, மூழ்கும் அளவு தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 35 நிமிடம் வேகவிடுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். மறுபடியும் ஓவனுக்குள் போகப்போகிற கறி என்பதால் தொடைதான் ஏற்றது. வெந்தபின் அந்தச் சாற்றிலேயே 15 நிமிடம் ஆறவிட்டு, விரலால் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். சாற்றை வடிகட்டி வையுங்கள். சாஸுக்கு அதுதான் அடித்தளம்.

இனி மிளகாய். இரண்டு வகை வேண்டும்: குவாஹியோ 6, ஆன்ச்சோ 3. குவாஹியோ நீளமாக, வழவழப்பான தோலோடு கருஞ்சிவப்பாக இருக்கும். நிறமும் லேசான புளிப்பும் அதிலிருந்து வருகின்றன. ஆன்ச்சோ என்பது பழுத்த பொப்லானோ மிளகாயைக் காயவைத்தது. அகலமாக, சுருங்கிப்போய், ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். முகர்ந்து பாருங்கள், உலர்திராட்சை வாசம் வரும். சாஸுக்குக் கனத்தையும் இனிப்பையும் தருவது அதுதான். இரண்டிலும் காரம் மிதம்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊர் மண்டியில் வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். விதை கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்த சரக்கு. மெக்சிகோ மிளகாய்க்கு அந்தச் சோதனை பொருந்தாது. ஆன்ச்சோவை விரலால் மடித்தால் தோல் போல வளைய வேண்டும். மடித்ததும் நொறுங்கினால் பழைய சரக்கு, வாசம் போயிருக்கும். எதிர்வீட்டு அம்மா கடையில் ஒவ்வொரு மிளகாயாக எடுத்து மடித்துப் பார்த்துத்தான் பைக்குள் போடுவார். காம்போரத்தில் பொடிப்பொடியாகத் துளை இருந்தால் உள்ளே பூச்சி. அதைத் தொடவே மாட்டார்.

காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் கீறி, விதையையும் நரம்பையும் உதறிவிடுங்கள். கனமான கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல், மிளகாயை விரித்து வைத்துக் கரண்டியால் அழுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடிதான். உட்பக்கத்தின் நிறம் சற்று வெளிறி, புகையிலையும் கோக்கோவும் கலந்தாற்போல ஒரு மணம் எழும்பும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். இருமல் வரும் அளவுக்கு நெடி கிளம்பினால் கருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். கருகிய மிளகாயைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ஒன்றே ஒன்று சேர்ந்தாலும் பாத்திரம் முழுக்கக் கசக்கும். அந்தக் கசப்பைச் சர்க்கரையால் மறைக்க முடியாது.

வறுத்த மிளகாயைச் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். அதே கல்லில் 2 தக்காளி, கால் வெங்காயம், தோலோடு 3 பல் பூண்டு ஆகியவற்றைக் கறுப்புப் புள்ளி விழும்வரை சுட்டெடுத்து, பூண்டின் தோலை உரித்துவிடுங்கள். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடலாம். மிளகாய், சுட்டவை, 2 கிராம்பு, கால் தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மெக்சிகோ ஒரிகானோ, இரண்டரைக் கப் கோழிச் சாறு எல்லாவற்றையும் மிக்சியில் மையாக அரைத்து வடிகட்டுங்கள். பீட்சாவுக்குத் தூவும் ஒரிகானோ வேறு செடி, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ வகையில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும். கிடைக்காவிட்டால் மற்றதைப் பாதி அளவு போடுங்கள்.

வடிகட்டியதோடு சாஸ் முடிந்துவிட்டதாக நினைத்து நிறுத்தாதீர்கள். அகன்ற வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அரைத்த விழுதை ஒரேயடியாக ஊற்றுங்கள். சீறிப் பாயும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் ஆரஞ்சு நிறம் இறங்கிச் செங்கல் நிறமாகும், பச்சை வாடை போகும், ஓரத்தில் எண்ணெய் பிரியும். நம் குழம்புக்குப் பார்க்கும் அதே பக்குவம். கரண்டியின் முதுகில் சாஸ் படிந்து நிற்க வேண்டும், வழிந்தோடக் கூடாது. உப்பை இப்போது பாருங்கள், சற்றுத் தூக்கலாகவே. ரொட்டி நிறைய உப்பை வாங்கிக்கொள்ளும்.

இந்தியாவில் இருப்பவர்கள் காஷ்மீர் மிளகாயையோ பியாட்கி மிளகாயையோ 14 அல்லது 15 எடுத்து, அதனுடன் 10 உலர்திராட்சையை ஊறவைத்து அரைக்கலாம். ஆன்ச்சோவின் இனிப்பு ஓரளவு கிடைக்கும். குண்டு மிளகாய் வேண்டாம், அதன் காரம் மற்ற சுவைகளை அமுக்கிவிடும். கரம் மசாலாவும் மல்லித்தூளும் கட்டாயம் வேண்டாம். அவை சேர்ந்த நொடியில் இது வேறொரு ஊரின் குழம்பாகிவிடும்.

காய்கறியில் ஒரே எதிரி தண்ணீர். ஒரு காரட், ஒரு உருளைக்கிழங்கு இரண்டையும் கால் அங்குலக் கட்டங்களாக நறுக்கி, உப்பும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்த்த நீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து வடித்துவிடுங்கள். வினிகர் கட்டங்கள் குழையாமல் காக்கும். ஒரு சிறிய சுக்கினி (வெள்ளரி போலத் தோன்றும் பூசணி வகை), ஒரு பொப்லானோ அல்லது குடைமிளகாய், அரைக் கப் சோளமுத்து ஆகியவற்றை அதிகத் தீயில், அகன்ற வாணலியில், நெரிசல் இல்லாமல் வதக்குங்கள். சுக்கினி விடும் தண்ணீர் முழுவதும் வற்றி, ஓரங்கள் சிவக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு வடித்த காய்கள், பிய்த்த கோழி, 4 மேசைக்கரண்டி சாஸ் ஆகியவற்றைச் சேர்த்துப் புரட்டி இறக்குங்கள். பொதியும் கலவை ஈரப்பசையோடு இருக்கலாம். தட்டைச் சாய்த்தால் நீர் ஓடக் கூடாது.

ரொட்டிக்கு வருவோம். டோர்ட்டியா என்றால் இங்கே சோள டோர்ட்டியா, 15 சென்டிமீட்டர் அகலம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழுவி அரைத்த மாவு அது. சுண்ணாம்பு சேர்வதால்தான் மாவு ஒட்டிப் பிசையவும் தட்டவும் வருகிறது. தானியத்தில் சிக்கிக் கிடக்கும் நியாசின் சத்தும் அதனால்தான் உடலில் சேர்கிறது. மெக்சிகோவின் பழங்குடியினர் காலங்காலமாகச் செய்துவந்தது இது. இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோன ஐரோப்பிய நாடுகளில், அதையே முழு உணவாக நம்பியிருந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. எனவே நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு இதற்கு உதவாது, விரிந்து உடையும். பாக்கெட்டில் மாசா ஹரினா என்று போட்டிருக்க வேண்டும்.

அந்த மாவு 2 கப், ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடம் மூடிவைத்து, 12 உருண்டைகளாக்குங்கள். உருண்டையை அழுத்தினால் ஓரம் வெடிக்கிறதா? இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, அடி தட்டையான கனமான பாத்திரத்தால் அழுத்தினாலே போதும். சூடான கல்லில் போட்டு ஓரம் விட்டதும் திருப்பி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி திருப்பினால் சற்று உப்பும். சுட்டவற்றைத் துணியில் சுற்றி வையுங்கள். முந்தைய நாளே சுட்டுவைத்தால் இன்னும் நல்லது. அன்றன்று சுட்டது சாஸை அதிகமாக உறிஞ்சித் தளர்ந்துவிடும்.

கோதுமை டோர்ட்டியாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது சாஸில் ஊறிக் கூழாகும். சோளம் கிடைக்கவே இல்லை என்றால் மட்டும், கல்லில் இரு பக்கமும் நன்றாகச் சிவக்கவிட்டு, சாஸில் தோய்க்காமல் மேலே மட்டும் ஊற்றுங்கள்.

சுருட்டுவதற்கு முன் ஒவ்வொரு டோர்ட்டியாவையும் காய்ந்த எண்ணெயில் பக்கத்துக்கு 5 விநாடி போட்டு எடுக்க வேண்டும். மொறுமொறுப்பாக்க அல்ல, வளைந்து கொடுக்கவும், சாஸ் உள்ளே ஊடுருவாமல் எண்ணெய் தடுத்து நிற்கவும். பலர் எண்ணெய்க்குப் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள், ஓவனிலிருந்து களிதான் வருகிறது. எண்ணெய் குறைய வேண்டுமானால் இருபுறமும் லேசாகத் தடவி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2 நிமிடம் வைத்தெடுங்கள்.

ஓவனை 190 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். 23-க்கு 33 சென்டிமீட்டர் தட்டின் அடியில் சாஸை மெல்லிசாகப் பரப்புங்கள். டோர்ட்டியாவை வெதுவெதுப்பான சாஸில் இருபுறமும் தோய்த்து, 3 மேசைக்கரண்டி கலவையை நடுவில் வைத்துச் சுருட்டி, மடிப்பு கீழே இருக்குமாறு நெருக்கமாக அடுக்குங்கள். மீதி சாஸை நடுவோடு ஊற்றி, நுனிகளைச் சற்றே காயவிடுங்கள். அந்த மொறுமொறு நுனிக்கு எங்கள் வீட்டில் போட்டி. மேலே சீஸ் 150 கிராம், அதற்கு மேல் தேவையில்லை. சிவாவா சீஸ் சிறந்தது. 1920-களில் மெக்சிகோவின் வடபகுதியில் குடியேறிய மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள் செய்யத் தொடங்கியது அது. மான்டெரே ஜாக் சீஸும் நன்றாக உருகும். மொசரெல்லா சரிதான், ஆனால் சுவை குறைவு.

எல்லாம் ஏற்கெனவே வெந்தவை என்பதால் மூடாமல் 15 நிமிடம் போதும். சீஸ் உருகி, ஓரத்தில் சாஸ் குமிழ் விட்டதும் எடுத்து, 5 நிமிடம் ஆறவிட்டுத் தட்டையான கரண்டியால் அடியோடு பெயர்த்தெடுங்கள். மேலே பச்சை வெங்காய வளையம், மெல்லிசாக அரிந்த முள்ளங்கி, கொத்தமல்லி, சற்றே நீர்க்கவைத்த கிரீம். கிரீமுக்குப் பதில் கடைந்த கெட்டித்தயிரும் பொருந்தும். ஒரு எலுமிச்சைத் துண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

விருந்தினர் வருவதாக இருந்தால் சாஸையும் கலவையையும் முந்தைய நாளே செய்து தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சுருட்டுவதைப் பரிமாறும் வேளைக்கு முன்புதான் செய்ய வேண்டும். சாஸ் மட்டும் உறைபெட்டியில் 3 மாதம் தாங்கும் என்பதால் நான் எப்போதும் இரண்டு மடங்கு செய்கிறேன். மீந்த என்ச்சிலாடாவை மைக்ரோவேவில் வைக்காமல், கல்லில் மூடிபோட்டுச் சூடாக்கி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் செய்வதுபோல மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டையைப் பொரித்து வையுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அது போதும்.