படத்தில் நிற்கும் பிரபு யார்? பழைய இங்கிலாந்து உருவ ஓவியத்தை அடையாளம் காணும் முறை

முதலாம் எலிசபெத் ராணி காலத்து அரசவைப் பிரபு கவசத்தோடு நிற்கும் ஓவியம் கைக்கு வந்தால், மூலையில் எழுதியிருக்கும் பெயரை நம்பிவிடாதீர்கள். வாரிசுகள் பல தலைமுறை கழித்தும் பெயர் எழுதவைத்தார்கள், தப்பும் நேர்ந்தது.

எழுத்தைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். படத்தோடு எழுதியதென்றால், வண்ணப்பரப்பு வெடித்த இடத்தில் எழுத்தும் சேர்ந்தே வெடித்திருக்கும். பின்னாளில் எழுதியதென்றால், எழுத்தின் வண்ணம் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருக்கும். சில எழுத்துகளை மட்டும் புதுப்பித்திருப்பார்கள், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

வயதைக் குறிக்கும் லத்தீன் தொடரான 'எட்டாடிஸ் சுவே 35' என்றிருந்தால் 35-ஆம் வயது நடக்கிறது, அதாவது 34 நிறைந்துவிட்டது. ஆண்டிலும் கவனம் தேவை: 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. எலிசபெத்தின் அரசவையிலிருந்த எசெக்ஸ் பிரபுவின் தலை துண்டிக்கப்பட்ட 1601 பிப்ரவரி, அன்றைய ஆவணங்களில் 1600.

அடுத்து உடை. கஞ்சி போட்டு விறைத்த பெரிய வட்டக் கழுத்துப்பட்டி 1580-களுக்குரியது. தோளில் படியும் சரிகைக் காலர் 1630-களுக்குரியது. வயதானவர்கள் பழைய பாணியை விடமாட்டார்கள் என்பதால், உடை 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். முகமும் அப்படித்தான்: எசெக்ஸ் தாடி வளர்த்தது 1596-இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தின் மீது நடந்த படையெடுப்பின்போது.

கவசம் மட்டும் போரில் நின்றதற்குச் சாட்சியாகாது. அரசவைக் குதிரைப் போட்டிகளுக்கும் அதை அணிந்தார்கள். கையில் தளபதிக் கோல் இருந்தால் படைத்தலைமையைக் குறிக்கும். எல்லாவற்றையும்விடப் பயன்படுவது, இங்கிலாந்து அரசர் தரும் மிக உயர்ந்த வீரப்பட்டமான கார்டர் விருதின் அடையாளங்கள்: இடது முழங்காலுக்குக் கீழே பட்டை, நீல நாடாவில் புனித ஜார்ஜ் பதக்கம். மேலங்கியில் நட்சத்திரச் சின்னம் இருந்தால், அந்தப் பகுதி 1625-இல் முதலாம் சார்லஸ் அரியணை ஏறிய பிறகே தீட்டப்பட்டது.

நீல நாடாவில் பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை வண்ணம் தென்பட்டால், அந்த வண்ணம் 18-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல. ஆனால் பழுதுபார்த்த இடத்தில் மாதிரி எடுத்துவிட்டு முழுப் படத்தையும் போலி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். முதலில் புற ஊதா விளக்கில் பாருங்கள். வார்னிஷுக்கு மேலே செய்த திருத்தங்கள் கறுப்பாகத் தெரியும்.

படம் ஓக் பலகையில் தீட்டியதென்றால் மரவளையங்களை அளந்து காலம் கணிக்கவையுங்கள். வெளிப்புற மென்மரத்தைச் செதுக்கி எறிந்திருப்பார்கள். பால்டிக் ஓக்காக இருந்தால், வைர மரத்தின் (உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதியின்) கடைசி வளையத்தின் ஆண்டோடு குறைந்தது 8 ஆண்டு கூட்டுங்கள்; மரம் அதற்கு முன் வெட்டப்பட்டிருக்காது. பலகைக்கு வயது தெரிந்தாலும், படம் பின்னாளில் எடுத்த நகலாக இருக்கலாம்.

கிடைத்த காலத்தைக் கார்டர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எலிசபெத், சார்லஸ் காலத்தில் அரசரையும் சேர்த்து ஒரே சமயத்தில் 26 பேருக்கு மேல் இல்லை, சேர்ந்த ஆண்டுகளும் பதிவாகியுள்ளன. எசெக்ஸ் சேர்ந்தது 1588-இல்.