தண்ணீரில் இறங்கிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரைப் பக்கம் கண்மாய் மறுகால் பாயும் பாதைகளைக் கடந்த வண்டியா? இன்ஜின் ஆயிலை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். முன், பின் அச்சுகளின் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஆயிலையும் பாருங்கள். (வெள்ளம் இழுத்து ஓடினால் எந்த வண்டியையும் இறக்கவே கூடாது.)

ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அதில் காற்று போய்வர இருக்கும் பிரீதர் துளை சேற்றால் அடைத்திருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பிரீதரைச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். பலரும் அதைத் தொடுவதே இல்லை.

சமதரையில் நிறுத்தி, சூடு ஆறியதும் ஆயில் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டுவது பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கிவிடும், மேலே நல்ல ஆயிலே தெரியும். அப்போது அடித்திருகைச் சற்றே தளர்த்துங்கள்; முதலில் தண்ணீர் சொட்டினால் அன்றே ஆயிலை மாற்றிவிடுங்கள். திருகின் காந்தத்தில் மை போன்ற தூள் படிவது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டூ வீலிலிருந்து ஃபோர் வீலுக்கு லிவர் போட்டு மாற்றும் வகை வண்டியென்றால், மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம், பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும்.