விம் உதவிப் பக்கத்தில் ஒரு ஃபங்ஷனின் விளக்கத்தைத் திருத்துவது எப்படி?

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்கு ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர்கள் அதிகம் நம்பியிருப்பது அதன் உதவிப் பக்கங்களைத்தான். உள்ளமைந்த ஃபங்ஷன்களின் (உள்ளீட்டை வாங்கி விடை தருபவை) விளக்கம் பெரும்பாலும் பில்ட்இன்.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் அகரவரிசையில் இருக்கிறது. அதைத் திருத்த, விம் எழுதப்பட்ட சி மொழி தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

1. ஒரே ஒரு ஃபங்ஷனை எடுங்கள்

ஒரு சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தைச் சொல்லும் ஸ்ட்ர்லென்னை எடுப்போம். :ஹெல்ப் ஸ்ட்ர்லென்() என்று அடைப்புக்குறியோடு தேடினால் நேராக அதன் விளக்கத்துக்கே போகலாம்.

2. படிப்பதோடு நிறுத்தாமல் இயக்கிப் பாருங்கள்

:எக்கோ ஸ்ட்ர்லென்("தமிழ்")

விடை 15. மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் 15? யுனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஸ்ட்ர்லென் எண்ணுவது பைட்டை. அதே சொல்லுக்கு ஸ்ட்ர்சார்ஸ் 5 என்றும், ஒட்டுக்குறிகளைத் தனியாக எண்ணாத ஸ்ட்ர்சார்லென் 3 என்றும் சொல்லும். சாதாரண ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் மூன்றும் ஒரே விடை தந்து வேறுபாட்டை மறைத்துவிடும். இந்த வகை ஃபங்ஷன்களுக்குத் தமிழ்ச் சொல்லைப் போல நல்ல உரைகல் கிடையாது.

3. என்ன திரும்பி வரும் என்பதை முதலில் எழுதுங்கள்

வருவது எண்ணா, சரமா, லிஸ்ட்டா? எண் என்றால் எதன் எண்ணிக்கை? அடுத்து, தோற்றால் என்ன வரும்? பல விளக்கங்களில் அரைகுறையாக நிற்பது இந்த இடம்தான், என்னைக் கேட்டால் உங்கள் உழைப்பில் பாதி இதற்கே போகலாம். ஒரு சரத்துக்குள் இன்னொரு சரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்ட்ர்ஐடிஎக்ஸ், தேடிய சரம் கிடைக்காவிட்டால் -1 தரும். பழைய விம் ஸ்க்ரிப்டில் (விம்9 ஸ்க்ரிப்டுக்கு முந்தைய வடிவம்) 0 தவிர எந்த எண்ணும் 'உண்மை'. எனவே அந்த விடையை அப்படியே இஃப் நிபந்தனையில் வைத்தால், கிடைக்காதபோது உள்ளே நுழையும். சரத்தின் தொடக்கத்திலேயே கிடைத்தால், விடை 0 என்பதால், நுழையாது. புதியவர் மணிக்கணக்கில் தேடும் பிழை இது. '-1ஓடு ஒப்பிடுங்கள்' என்று ஒரு வரி இருந்தால் தப்பித்துவிடுவார்.

4. வடிவம்

வரி 78 எழுத்துக்குள். ஃபங்ஷன் பெயரின் டேக் (:ஹெல்ப் தேடிப் போய் நிற்கும் அடையாளம்) இரு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே, பிற பக்கங்களுக்கான இணைப்பு இரு நெடுங்கோடுகளுக்கு நடுவே. உள்ளீடு நெளிவு அடைப்பில், விருப்ப உள்ளீடு சதுர அடைப்பில். எடுத்துக்காட்டுக்கு முந்தைய வரி > குறியில் முடியட்டும். எடுத்துக்காட்டு முடிந்ததும் அடுத்த வரி < குறியில் தொடங்கட்டும்.

5. சரிபார்த்து அனுப்புங்கள்

:ஹெல்ப்டேக்ஸ் கட்டளையை, உதவிக் கோப்புகள் இருக்கும் டாக் கோப்புறையின் மீது இயக்குங்கள். ஒரே டேக் இருமுறை வந்திருந்தால் பிழை காட்டும். பிறகு நீங்கள் சேர்த்த ஒவ்வொரு இணைப்பின் மீதும் கர்சரை வைத்து கன்ட்ரோலுடன் ] அழுத்தி, சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் கிட்ஹப்பில் உள்ள விம் களஞ்சியத்துக்குப் புல் ரிக்வெஸ்ட் (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பலாம். ஒரு கோரிக்கையில் ஒரு ஃபங்ஷன் மட்டும் இருக்கட்டும். நீங்கள் இயக்கிப் பார்த்த கட்டளையையும் வந்த விடையையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.