எழுத்து உடைந்து தெரிந்தால் சேவ் பட்டனைத் தொடாதீர்கள்

ஃபைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகள். "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று ஒரு வரியைத் திருத்தி சேவ் செய்வதுதான் இதில் மோசமான தவறு. தப்பாகத் திறந்ததால் மட்டும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

டெக்ஸ்ட் ஃபைலுக்குள் இருப்பது பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள் மட்டுமே. எந்த எண்கள் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற முறைக்குத்தான் என்கோடிங் என்று பெயர். எந்த என்கோடிங் என்று பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. எடிட்டர்தான் ஊகிக்க வேண்டும். தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறி (239, 187, 191) இருந்தால், இன்று பரவலாகப் பயன்படும் யூனிகோட் என்கோடிங்கான யூடிஎஃப்-8 என்று முடிவுகட்டும். இல்லாவிட்டால் பைட் வரிசை யூடிஎஃப்-8 விதிக்குப் பொருந்துகிறதா என்று பல எடிட்டர்கள் சோதிக்கும். பொருந்தாதபோது, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 மாதிரி ஏதோ ஒன்று.

யூடிஎஃப்-8இல் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். அதை 1252 என்று படித்தால் மூன்று தனி எழுத்துகள் தெரியும். அப்படியே சேவ் செய்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் 1252இல் 129, 141, 143, 144, 157 ஆகிய இடங்கள் காலி. நம் புள்ளியின் கடைசி பைட் 141, உகரக் குறியுடையது 129! காலி இடத்தில் கேள்விக்குறி போடும் மென்பொருளில் சேவ் செய்தால், புள்ளி போனது போனதுதான். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் என்கோடிங்கான டிஸ்கியில் உள்ள பழைய ஃபைலை யூடிஎஃப்-8 என்று திறந்து சேவ் செய்வது இதைவிடக் கொடுமை. பொருந்தாத பைட்டெல்லாம் ஒரே மாற்றுக்குறியாகிவிடும். எது எதுவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

விஎஸ் கோடு எடிட்டரில் 'ரீஓபன் வித் என்கோடிங்', 'சேவ் வித் என்கோடிங்' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். முதலாவது பைட்டுகளைத் தொடாமல் மறுபடி படிக்கும். இரண்டாவது மாற்றி எழுதிவிடும். குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

விம் எடிட்டர் எந்தெந்த என்கோடிங்கை எந்த வரிசையில் முயல வேண்டும் என்று சொல்வது ஃபைல்என்கோடிங்ஸ் பட்டியல். அதில் லத்தீன்1 என்ற என்கோடிங்கை முன்னால் வைக்கக் கூடாது. அதற்கு எந்த பைட்டும் சம்மதமே, அடுத்ததற்கு வாய்ப்பே வராது.

சின்ன ஃபைலில் தானியங்கி ஊகத்தை நம்பாதீர்கள். எக்ஸ்பி கால நோட்பேடில் "bush hid the facts" (புஷ் உண்மைகளை மறைத்தார்) என்பதைச் சின்ன எழுத்தில் அடித்து சேவ் செய்து திறந்தால், யூடிஎஃப்-16 என்ற வேறொரு என்கோடிங் என்று நினைத்துச் சீன எழுத்துகளைக் காட்டும். சதியெல்லாம் இல்லை, 18 பைட்டை வைத்து எடுத்த முடிவு.

பிஓஎம் வேண்டுமா? எக்ஸலில் திறக்கப்போகும் சிஎஸ்வி என்றால் வையுங்கள். ஷெல் ஸ்கிரிப்டில் வைத்தால் முதல் வரியே வேலை செய்யாது.