வான்கோழி வறண்டு போகாமல் இருக்க

வான்கோழியை முழுசாக ரோஸ்ட் செய்தால் தொடை வேகும் நேரத்துக்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். முதல் நாளே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். உப்பு உள்ளே இறங்கித் தசைப் புரதத்தைத் தளர்த்துவதால், வேகும்போது கறி ஈரத்தை அவ்வளவாக விடாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு. அளவைக் கரண்டியால் பார்க்காமல் எடை போட்டுக்கொள்ளுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் கரண்டியில் ஒன்றாக வராது. கொஞ்சம் சர்க்கரை, நசுக்கிய பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகே கறியை முக்க வேண்டும். 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் போதும். பாக்கெட்டில் ஏற்கெனவே உப்பு ஏற்றியது என்று போட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம், கரிக்கும்.

அப்புறம் ஈரத்தை ஒற்றி எடுத்து, மூடாமல் சில மணி நேரம் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். தோல் காய்ந்தால்தான் மொறுமொறுப்பு வரும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

வெண்ணெயில் தைம், ரோஸ்மேரி, சேஜ் இலைகளைப் பொடியாக நறுக்கிப் பிசைந்து தோலுக்கு அடியில் தடவுங்கள். மேலே தூவினால் இலை கருகிக் கசக்கும்.

ஓவன் 165 டிகிரி செல்சியஸ். கடிகாரத்தை நம்பாதீர்கள், தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 74 டிகிரி காட்டினால் சரி. எடுத்ததும் வெட்டாமல் அரை மணி நேரம் விடுங்கள். தட்டில் வடியும் சாற்றைக் கிரேவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் உப்பு பார்த்துப் போடுங்கள்.