எஸ்.இ.ஓ.வை மாரத்தான் போல ஓடுவது எப்படி?

எஸ்.இ.ஓ. என்பது கூகுள் தேடலில் உங்கள் இணையத்தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, அதுவும் ஒரு மாரத்தான்தான். மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. முதல் ஐந்து கிலோமீட்டரில் பறந்தவருக்குத் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்னும் சர்க்கரை இருப்பு சீக்கிரமே கரைந்துவிடும், 30 கி.மீ. தாண்டியதும் கால் நகராது. புதுத் தளங்கள் பலவும் இப்படித்தான் படுத்துவிடுகின்றன: முதல் மாதம் முப்பது கட்டுரை, மூன்றாம் மாதம் ஒன்றுகூட இல்லை. எஸ்.இ.ஓ. வேலையின் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. ஆகவே ஓராண்டு தாக்குப்பிடிக்கும் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் உடல் பரிசோதனை. தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் முதல் நாளே தளத்தை இணைத்துவிடுங்கள். அது 16 மாதத் தரவை வைத்திருக்கும் என்பதால், பின்னால் இந்த ஆனியைப் போன ஆனியோடு ஒப்பிட முடியும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் உங்கள் தளம் இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்துக்குப் போய், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தேடலில் வரக்கூடாத பக்கத்துக்கு நோஇன்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்னும் குறி) போட்டுவிட்டு, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதையே தடுத்துவிடாதீர்கள். கூகுள் உள்ளே வர முடியாவிட்டால் அந்த நோஇன்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறு தளம் இணைப்பு கொடுத்தால் முகவரி தேடலில் வந்து நிற்கும்.

வேகத்துக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகள்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைவு தெரிய வேண்டும், பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் இடம் மாறுவதை அளக்கும் தளவமைப்பு நகர்வு 0.1-ஐத் தாண்டக்கூடாது. தமிழ்த் தளங்கள் மூன்றாவதில் கவனமாக இருக்க வேண்டும். போனில் உள்ள எழுத்துரு முதலில் வந்து, பிறகு உங்கள் தளம் அனுப்பும் எழுத்துருவான வெப் ஃபான்ட் ஏறும்போது எழுத்தகலம் மாறி, வரிகள் உடைந்து, பத்தி கீழே குதிக்கும். ஒரே ஒரு ஃபான்ட், அதுவும் வாஃப்2 என்னும் சுருக்கிய கோப்பு வடிவில் வைத்து, அதை முன்கூட்டியே ஏற்றச் சொன்னால் பெருமளவு அடங்கும்.

அடுத்தது வாராந்தர ஓட்டம். தனி ஆளாக நடத்தினால் வாரம் ஒரு புதுப் பக்கம், ஒரு பழைய பக்கத்துக்குப் பழுது பார்ப்பு, இது போதும். எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். ஒரே நாளில் தலைப்பு, முகவரி, உள்ளடக்கம் மூன்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாம், நான்காம் மாதத்தில் பலர் கைவிடுகிறார்கள். கிளிக் ஏறவில்லை என்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. அதற்கு முன்பே இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை, ஏறத் தொடங்கியிருக்கும். சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்து, சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களை மட்டும் வடிகட்டுங்கள். உழைப்புக்குச் சீக்கிரம் கூலி தரும் இடம் இதுதான்.

உதாரணத்துக்கு, முருங்கைக்கீரைப் பொடி பற்றிய பக்கம் 11-ஆம் இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்கு வந்த தேடல்களைத் திறந்தால், "எத்தனை நாள் கெடாது" என்றும் கேட்டிருப்பார்கள். பக்கத்தில் அதற்குப் பதிலே இருக்காது. அதைத் தனி உட்தலைப்பாகச் சேருங்கள். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் அதே பட்டியலில் தெரிவார்கள். அந்த எழுத்துக்கூட்டலை ஒரு இடத்தில் இயல்பாக வையுங்கள், பத்து இடத்தில் திணிக்காதீர்கள். தொடர்புள்ள மூன்று நான்கு பக்கங்களிலிருந்து, "இங்கே கிளிக் செய்க" என்றில்லாமல் பொருள் புரியும் சொற்களில் இணைப்பு கொடுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தொடாதீர்கள். பயிற்சிக்குப் பின் தசை தேறுவது ஓய்வில்தான்.

காசு கொடுத்து பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) வாங்குவதை ஊக்கமருந்து என்றே கொள்ளுங்கள். செயற்கை இணைப்புகளைப் பிடிக்கும் கூகுளின் பெங்குவின் அப்டேட் 2016-இல் 4.0 ஆக வந்த பிறகு அவை பெரும்பாலும் கணக்கிலேயே சேராது. கூகுள் ஊழியர்கள் பார்த்து விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் விழுந்தால் இணைப்புகளை நீக்கி, மறுபரிசீலனைக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.

கூகுள் தன் தரவரிசை முறையையே பெரிதாக மாற்றும் கோர் அப்டேட் வரும்போது வரைபடம் ஆடும். அன்றைக்கே எதையும் அழிக்க வேண்டாம். அப்டேட் முழுதாக முடிந்து ஒரு வாரம் போகட்டும். அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். 2-ஆம் இடத்திலிருந்து 4-க்கு இறங்கிய பக்கத்தை அப்படியே விடுங்கள். 4-லிருந்து 29-க்கு விழுந்திருந்தால், இப்போது உங்களுக்கு மேலே இருக்கும் ஐந்து பக்கங்களையும் முழுதாகப் படித்து, அவற்றில் இருக்கும், உங்களிடம் இல்லாத விஷயங்களை எழுதத் தொடங்குங்கள்.